தீபாவளியன்று தேர்வு வந்தால்: சிக் நோட் வேண்டாம், கடிதம் எழுதுங்கள்

கேள்வி: அக்கா, நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகள் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வரைவு அட்டவணையில் தீபாவளியன்று காலை 9 மணிக்கு அவளுக்குத் தேர்வு போட்டிருக்கிறது. விரிவுரையாளரிடம் கேட்டாள், "அது பொது விடுமுறை இல்லையே" என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் டாக்டரிடம் சிக் நோட் வாங்கிக் கொடுத்துவிடு என்கிறார்கள். மகன் நர்சிங் படிக்கிறான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன். கையில் காப்புக் கட்டிக்கொண்டு வார்டுக்குப் போனால் கழற்றச் சொல்கிறார்கள். இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை உண்டா? யாரிடம் கேட்பது?

பதில்:

தங்கச்சி, உரிமை உண்டு. கேட்க வேண்டிய இடமும் முறையும் சரியாக இருந்தால் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். மாணவர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் முதலில் அந்த சிக் நோட் பேச்சை நிறுத்தச் சொல்கிறேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லாதபோது வாங்கும் மருத்துவச் சான்றிதழ் பல்கலைக்கழக விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். சட்டம், மருத்துவம், கணக்கியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. பட்டம் வாங்கிய பிறகு தொழிலில் பதிவு செய்யப் போகும்போது பழைய ஒழுங்கு வழக்கு குறுக்கே வந்து நிற்கும். எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் தலைவலிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. தீபாவளிக்கு லீவு வேண்டியவர்களெல்லாம் காய்ச்சல், வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்தால், தேர்வுப் பிரிவின் பதிவேட்டில் தீபாவளி என்ற சொல்லே ஏறாது. அட்டவணை போடுகிறவர் அடுத்த ஆண்டும் அதே நாளில் தேர்வை வைப்பார். ஆட்சேபம் யாரும் சொன்னதில்லை என்று அவர் சொன்னால் அது பொய்யும் ஆகாது.

நம் முன்னோர் இந்த மண்ணில் எப்படிப் பண்டிகை கொண்டாடினார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக்கூலியாக இருந்தவருக்குத் தன் பண்டிகைக்கு லீவு கேட்கும் இடம் இல்லை. மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் இன்றும் புனித வெள்ளியன்று திருவிழா ஜேஜே என்று நடக்கிறதே, அது எதனால்? கரும்பு ஆலை மூடியிருந்த நாள் அது. அம்மனுக்குரிய நாளை முதலாளி விட்ட லீவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். 1908-ல் டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த சுவாமி சங்கரானந்தர் தீபாவளியைத் தீபாவளி என்றே பெயர் சொல்லி அதற்கு விடுப்புக் கேட்டுப் போராடினார். பிறகு 1912-ல் இந்து மகா சபை அமையவும் அவரே முன்னின்றார். கேட்டுப் பெறும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

இப்போது சட்டம். விரிவுரையாளர் சொன்னது உண்மைதான்: 1994-ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டத்தில் உள்ள 12 நாட்களில் தீபாவளி இல்லை. ஆனால் அது உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது. அவள் நாடு முழுவதற்கும் விடுமுறை கேட்கவில்லை; தனக்கு ஒரு மாற்று ஏற்பாடு கேட்கிறாள். அதற்கு அடிப்படை 1996 அரசியலமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 15 மத சுதந்திரம் தருகிறது. பிரிவு 9 மதத்தின் பெயரால் நியாயமற்ற பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பிரிவு 31, ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து தங்கள் சமயத்தையும் பண்பாட்டையும் கடைப்பிடிப்பதைக் காக்கிறது. இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், அதாவது 4-ஆம் எண் சட்டம். நியாயமான மாற்று ஏற்பாட்டைச் செய்து கொடுக்காமல் இருப்பதே பாகுபாடாகலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் தீர்ப்பு நம் டர்பன் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்துதான் வந்தது. அவர்களின் குடும்பப் பெயரை வைத்து அதைப் பிள்ளை வழக்கு என்று சொல்வார்கள். பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்த மாணவி, பெண் பிள்ளைகள் பருவமடையும்போது மூக்குத்தி போடும் குடும்ப வழக்கப்படி மூக்குக் குத்திக்கொண்டாள். மூக்குத்திக்குப் பள்ளியின் விதியில் இடமில்லை, கழற்றச் சொன்னார்கள். தாயார் சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனார், அங்கே பள்ளிக்குச் சாதகமாக வந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2007 அக்டோபர் 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தாயாரின் பக்கம் நின்றது. தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு அது.

அதில் மூன்று விஷயங்கள் உங்களுக்கு வேண்டியவை. மூக்குத்தி சாஸ்திரப்படி கட்டாயமா என்று பள்ளி கேட்டது. கட்டாயம் இல்லாத, தானே விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். "தீபாவளிக்குக் குளிக்காவிட்டால் என்ன பாவம் வந்துவிடும்?" என்று யாராவது கேட்டால், இதுதான் பதில். இரண்டாவது, ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மற்றவர்களும் துணிந்து தங்கள் வழக்கங்களைக் கடைப்பிடித்தால் அது கொண்டாட வேண்டியதே தவிர அஞ்ச வேண்டியதல்ல என்ற கருத்தில் நீதிபதி எழுதினார். மூன்றாவது, தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அப்படியும் வழக்கை ஒதுக்காமல், சமய, பண்பாட்டுக் காரணங்களுக்கு விதிவிலக்குத் தரும் முறையை விதிகளில் சேர்க்கும்படி பள்ளிக்கு உத்தரவிட்டார்கள். அது பள்ளி வழக்குதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் காரணங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும்.

தேர்வுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 2018-ல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் காக்கும் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவர், மாதந்தோறும் சனிக்கிழமை நடக்கும் சரக்குக் கணக்கெடுப்புக்கு வர மறுத்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். வேறு ஏற்பாடு செய்து பார்க்காமலே நீக்கியது தவறு என்று தீர்ப்பானது. மாற்று வழியை உண்மையிலேயே தேடிப் பார்த்தாயா என்பதுதான் நிறுவனத்தின் முன் வைக்கப்படும் கேள்வி.

எல்லா வழக்கும் ஜெயித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000-ல் பள்ளியில் பிள்ளைகளை அடிக்க வேதத்தின் பெயரால் அனுமதி கேட்ட கிறிஸ்தவப் பள்ளிகள் தோற்றன. 2002-ல் கஞ்சாவைச் சமய வழக்கமாகச் சொல்லிக் கேட்ட ரஸ்தாபாரி சமயத்தவர் ஒருவரும் ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் தோற்றார். பிறருக்குத் தீங்கு, குற்றச் சட்டம் என்று வரும்போது நீதிமன்றம் கையை இறுக்கும். தீபாவளிக்குத் தேர்வு மாற்றிக் கேட்பதில் அப்படி எதுவும் இல்லை.

இனி யாரிடம் கேட்பது. உங்கள் மகள் விரிவுரையாளரிடம் போனது இயல்புதான், ஆனால் அவர் கையில் அந்த அதிகாரம் இல்லை. வகுப்புத் தேர்வு, அசைன்மென்ட் தேதி, டுடோரியல் வருகை இவற்றை அவர் மாற்றலாம். ஆண்டிறுதித் தேர்வு தேர்வுப் பிரிவுக்கும் பதிவாளருக்கும் உரியது. அதிகாரம் இல்லாதவரிடம் கேட்டால் "முடியாது" என்ற பதில்தான் வரும், அதைப் பல்கலைக்கழகத்தின் பதிலாக நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் பிள்ளைகள். இந்த ஒரு காரணத்தாலேயே பாதிப் பேர் கேட்பதை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வரைவு அட்டவணை என்று ஒன்று வெளியிடுவதே மோதல்களைச் சொல்லச் சொல்லித்தான். இரண்டு பாடம் ஒரே நேரத்தில் விழுந்தால் எழுதிக் கொடுக்க ஒரு கடைசித் தேதி போடுவார்கள் அல்லவா, அந்தத் தேதிக்குள் இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இறுதி அட்டவணை வந்த பிறகு அரங்கும் கண்காணிப்பாளரும் முடிவாகிவிடுவதால் அவர்களுக்கும் சிரமம். தேர்வு விதிப் புத்தகத்தில் சமயக் காரணம் பற்றித் தனிப் பத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதில் சொன்ன படிவத்தையே நிரப்புங்கள். இல்லாவிட்டால் பதிவாளருக்குக் கடிதம். நகல் தேர்வுப் பிரிவுக்கும் டீனுக்கும். வாய்ப்பேச்சாக விட வேண்டாம்.

என்ன கேட்பது என்பதில் நிறைய பேர் சறுக்குகிறார்கள். "தீபாவளிக்கு லீவு வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களுக்குக் கை ஓடாது. நம் சடங்குக்கு உண்மையில் எந்த நேரம் வேண்டும் என்று யோசியுங்கள். தமிழர் வீட்டுத் தீபாவளியின் உயிர் விடியற்காலையில் இருக்கிறது: எண்ணெய்க் குளியல், புதுத்துணி, சாமி கும்பிடுவது, பெரியவர்கள் காலில் விழுவது, பிறகு பலகாரத் தட்டுகளோடு அக்கம்பக்கம் போய் வருவது. சாட்ஸ்வொர்த்தில் வீட்டில் இருந்தே படிக்கிறவளுக்கு அன்று பிற்பகல் 2 மணித் தேர்வு என்றால் சமாளிக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விடுதியில் இருந்துகொண்டு லேடிஸ்மித்தில் உள்ள வீட்டுக்குப் போக வேண்டியவளுக்குப் பிற்பகலும் உதவாது; அவள் வேறு நாள்தான் கேட்க வேண்டும். எனவே இரண்டு மூன்று வழிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். அதே நாள் பிற்பகல், அல்லது ஒரு நாள் முன்னோ பின்னோ, அல்லது தேர்வைத் தவறவிட்டவர்களுக்கான ஸ்பெஷல் எக்ஸாம் நடக்கும் நாட்களில். வினாத்தாள் வெளியே போய்விடுமே என்று அவர்கள் பயப்படுவது நியாயம். சனிக்கிழமைத் தேர்வுகளில், ஓய்வுநாள் காக்கும் மாணவர்களைக் கண்காணிப்பில் தனியாக உட்கார வைத்து, பொழுது சாய்ந்த பின் அதே தாளை எழுதச் சொல்லும் முறை பல இடங்களில் உண்டு. உங்கள் மகளும் அப்படிப்பட்ட கண்காணிப்புக்கு உட்படத் தயார் என்று முன்கூட்டியே எழுதினால் பாதி மறுப்பு அங்கேயே அடங்கிவிடும்.

தேதியையும் கவனியுங்கள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எங்கே வந்தாலும் இரண்டாம் அரையாண்டின் கடைசி வகுப்புத் தேர்வுகளோடோ ஆண்டிறுதித் தேர்வோடோ முட்டும். அதோடு, நாம் சதுர்த்தசி விடியலைக் கணக்கு வைக்கிறோம், வட இந்திய வழியினர் அமாவாசை மாலையை. சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளிப் போகும். ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் இரண்டு தேதி எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் சந்தேகப்படுவார்கள். உங்கள் கோயில் பஞ்சாங்கப்படி இன்ன தேதி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறாள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"நான் இரண்டாம் ஆண்டு மாணவி, மாணவர் எண் இது. நான் தமிழ் இந்து. இந்த ஆண்டு தீபாவளி எங்கள் கோயில் நாட்காட்டிப்படி இன்ன தேதியில் வருகிறது. அன்று விடியற்காலையிலிருந்து நண்பகல் வரை குடும்பத்தோடு செய்யும் வழிபாடும் சடங்குகளும் எனக்கு முக்கியமானவை, ஆண்டுதோறும் கடைப்பிடிக்கிறேன். அதே நாள் காலை 9 மணிக்கு இன்ன பாடத்தின் தேர்வு வரைவு அட்டவணையில் உள்ளது. பின்வரும் வழிகளில் ஒன்றில் எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வினாத்தாளின் ரகசியம் காக்க நீங்கள் விதிக்கும் எந்தக் கண்காணிப்புக்கும் உட்படுகிறேன். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவையும் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தையும் ஒட்டி இதைக் கேட்கிறேன். இன்ன தேதிக்குள் எழுத்தில் பதில் தந்தால் அதற்கேற்பப் படிப்பைத் திட்டமிட முடியும்."

இவ்வளவு போதும். சட்டத்துக்கு ஒரே வரி. வழக்குப் போடுவேன் என்ற தொனி முதல் கடிதத்தில் வேண்டவே வேண்டாம்; படிக்கிறவர் உதவி செய்ய நினைக்கும்படி இருக்க வேண்டும். கோயில் நிர்வாகத்திடமிருந்தோ இந்து மகா சபை, தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பு போன்ற அமைப்புகளிடமிருந்தோ தேதியை உறுதிசெய்யும் ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் நல்லது. பூசையில் எடுத்த புகைப்படம், குடும்ப விவரம் என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவரின் மத நம்பிக்கை கூடுதல் பாதுகாப்புள்ள தகவல். தேவைக்கு மேல் கேட்கவோ பிறருக்குக் காட்டவோ கூடாது.

மறுத்தால்? முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் காரணம் கேட்கும் உரிமை உண்டு. தேர்வு பக்கத்தில் இருக்கும்போது அவ்வளவு நாள் ஏது, மறுநாளே கேட்டுவிட வேண்டியதுதான். காரணத்தை எழுதச் சொன்னதும் முடிவே மாறிவிடுவதும் உண்டு, ஏனென்றால் "பொது விடுமுறை இல்லை" என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட யாரும் தயங்குவார்கள். மாணவர் பேரவையையும், இருந்தால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரையும் அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே மனித உரிமை ஆணையம் இருக்கிறது. பண்பாடு, சமயம், மொழிச் சமூகங்களின் உரிமைக்கென்றே தனி ஆணையமும் இருக்கிறது. சமத்துவ நீதிமன்றம் பெரும்பாலும் உங்கள் வட்டார மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே இயங்குகிறது. அங்கே மனுக் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஆனால் அது கடைசிக் கதவு. ஒரு தேர்வுக்காக அங்கே போகும் நிலை பெரும்பாலும் வராது.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். அனுமதி எழுத்தில் கைக்கு வராதவரை தேர்வுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. அன்று வரை பதில் வரவில்லை என்றால் போய் எழுதட்டும், புகாரைப் பிறகு தொடரலாம். தாளும் போய், டி.பி. என்கிற தேர்வெழுதும் தகுதியும் போய், உரிமை மட்டும் கையில் இருந்து என்ன பயன்?

மகனின் காப்புக்கு வருகிறேன். இங்கே மருத்துவமனையின் பக்கம் நியாயம் இருக்கிறது. கைகழுவும்போது மணிக்கட்டில் நூல் ஈரமாகிக் கிருமி தங்கும். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் "காப்போடுதான் வார்டுக்கு வருவேன்" என்று கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். விரத நாட்களில் வார்டு முறை வராமல் ரோஸ்டரை மாற்றிக் கேட்பதுதான் வழி. 2025-ல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஆண்டுத் தொடக்கம்தான் என்பதால் டிசம்பரிலேயே கேட்டால் இடம் இருக்கும். வார்டு மணிக்கணக்கு நர்சிங் பதிவுக்கு அவசியம். விட்ட மணிகளை எந்த வாரத்தில் ஈடு செய்வேன் என்று அவனே எழுதிக் கொடுக்க வேண்டும். அலகு குத்துகிறவனாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: நாக்கிலும் முதுகிலும் உள்ள துளைகள் ஆறும்வரை வார்டில் நிற்பது அவனுக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. அந்த நாட்களையும் சேர்த்தே கேட்கட்டும். காப்பை முழங்கைக்கு மேலே கட்டலாமா என்று குருக்களிடம் கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

விடுதியில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புரட்டாசி விரதம் பெரிய பாடு. ஹலால் சாப்பாடு பல வளாகங்களில் கிடைக்கிறது. இஸ்லாமிய மாணவர்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து கேட்டதன் பலன் அது, அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் தனித்தனியாக ரொட்டியும் பொரித்த உருளைக்கிழங்கும் தின்று அந்த மாதத்தை ஓட்டுகிறார்கள். ஆகஸ்டிலேயே பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, ஒரு மாதத்துக்குத் தனிப் பாத்திரத்தில் சைவச் சமையல் வேண்டும் என்று விடுதி நிர்வாகத்திடம் கொடுத்தால் செய்யக்கூடியதுதான். அறையில் கற்பூரம், எண்ணெய் விளக்கு ஏற்றுவதை மட்டும் கேட்க வேண்டாம். தீ விபத்து விதி அது, விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது. விளக்கேற்ற வளாகத்தில் ஒரு பொது இடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது எந்த வீட்டிலும் எந்த நாளிலும் வரும். துக்கத்துக்கான விடுப்பு விதிகளில் பெரும்பாலும் இறந்த நாளையும் அடக்கத்தையும்தான் நினைத்து எழுதியிருப்பார்கள். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மகன் அன்று இருந்தே ஆக வேண்டும். அந்த நாளில் தேர்வு வந்தால், இறப்புச் சான்றிதழை மட்டும் நீட்டினால் "இரண்டு வாரம் ஆகிவிட்டதே" என்று திருப்பி அனுப்புவார்கள். அப்போது துக்க விடுப்பு என்று கேட்காமல் சமயக் காரணம் என்று தனியாகக் கேட்க வேண்டும், கோயிலிலிருந்தோ காரியம் செய்து வைப்பவரிடமிருந்தோ தேதி குறித்த கடிதத்தோடு. பதினாறாம் நாள் எது என்பது இறந்த அன்றே கணக்காகிவிடும். வீட்டில் யாராவது ஒருவர், அழுகைக்கு நடுவிலும், அந்த வாரத்திலேயே டீன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிள்ளையால் அப்போது எழுத முடியாது. மாமாவோ சித்தப்பாவோ எழுதட்டும், மாணவர் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.